ரத்ததானத் தகுதி: && உம் || உம் ஒரே கண்டிஷனில் வந்தால் தகுதி இல்லாதவரும் தேறிவிடுகிறார்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கல்லூரி ரத்ததான முகாமுக்கு ஒரு பதிவுப் பக்கம், ஜாவாஸ்கிரிப்டில். யார் ரத்தம் கொடுக்கலாம் என்பதை ஒரு கண்டிஷனில் பார்க்க வேண்டும். விதிகள் இவை: வயது 18 முதல் 65 வரை. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். முதல்முறை கொடுப்பவருக்கு இடைவெளிக் கணக்கு கிடையாது, ஆனால் வயது 60-ஐத் தாண்டக் கூடாது.

முதல்முறை விதியைச் சேர்க்காமல், இப்போதைக்கு இருப்பது (&& என்றால் "மற்றும்", || என்றால் "அல்லது"):

வயது >= 18 && வயது <= 65 && எடை >= 45 && ஹீமோ >= 12.5 && பாலினம் === "ஆண்" && நாள் >= 90 || பாலினம் === "பெண்" && நாள் >= 120

சோதனைக்கு 16 வயது, 38 கிலோ, பெண், நாள் 130 என்று கொடுத்தால் "தகுதி" என்று வருகிறது. முதல்முறை வருபவர்களுக்கு நாள் என்ற வேரியபிளில் நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) இருக்கும். அவர்கள் எல்லோருமே "தகுதி இல்லை". அப்புறம், தகுதி இல்லாதவர்கள் பட்டியலுக்காக ஒப்பீடுகளைத் திருப்பிப் போட்டது:

வயது < 18 && வயது > 65 && எடை < 45 && ஹீமோ < 12.5

இதில் ஒருவர்கூட வருவதில்லை. பைத்தானில் 18 <= வயது <= 65 என்று எழுதுகிறார்களே, அது இங்கே செல்லுமா?

---

செமிகோலன் எழுதியது:

முதல் சிக்கல் முழுக்க முழுக்க முன்னுரிமை (எந்தக் குறி முதலில் கணக்காகும் என்பது) சம்பந்தப்பட்டது. கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வது போல, || க்கு முன் && சேர்ந்துகொள்ளும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், எஸ்க்யூஎல் எல்லாவற்றிலும் இதே வரிசைதான். உங்கள் வரியை இன்ஜின் படிப்பது இப்படி:

(வயது >= 18 && … && பாலினம் === "ஆண்" && நாள் >= 90) || (பாலினம் === "பெண்" && நாள் >= 120)

வயது, எடை, ஹீமோகுளோபின் மூன்றும் இடது பிராக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டன. வலது பக்கம் பெண்ணா, 120 நாள் ஆயிற்றா என்பதோடு முடிந்துபோகிறது. 16 வயதும் 38 கிலோவும் அங்கே யார் கண்ணிலும் படாது. ஆண்களை வைத்து மட்டும் சோதித்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது, எல்லாம் சரியாகத்தான் ஓடும்.

|| இருக்கும் பகுதியைத் தனி பிராக்கெட்டில் அடைத்தால் பிரச்சினை தீரும்:

… && ((பாலினம் === "ஆண்" && நாள் >= 90) || (பாலினம் === "பெண்" && நாள் >= 120))

உள்ளே இருக்கும் பிராக்கெட்டுகள் இன்ஜினுக்குத் தேவையில்லை, படிக்கிறவருக்குத் தேவை. && உம் || உம் ஒரே வரியில் வந்தால் பிராக்கெட் போடாமல் விடக் கூடாது என்பதுதான் என் கருத்து; முன்னுரிமை மனப்பாடமாகத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். ஜாவாஸ்கிரிப்டில் ?? ஆப்பரேட்டரை (இடது பக்கம் நல் என்றால் வலது பக்கத்தை எடுப்பது) || உடன் பிராக்கெட் இல்லாமல் கலந்தால் சின்டாக்ஸ் எர்ரர் வந்துவிடும். && க்கும் || க்கும் அந்தக் காவல் இல்லை. நிரலைச் சரிபார்க்கும் கருவியான இஎஸ்லின்ட்டில் கலப்பு ஆப்பரேட்டர்களைப் பிடிக்க ஒரு விதி இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். சி எழுதுபவர்களுக்கு ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல் (-Wall) ஃபிளாக் போட்டாலே "|| க்குள் இருக்கும் && ஐச் சுற்றி பிராக்கெட் போடு" என்று எச்சரிக்கை வரும்.

ஆனால் இந்த இடத்தில் பிராக்கெட்டை விட நல்ல வழி ஒன்று உண்டு. ஆண், பெண் வித்தியாசம் உண்மையில் ஒரு எண்ணில்தான் இருக்கிறது. அதை எண்ணாகவே வைத்துக்கொண்டால் || தேவைப்படாது:

தேவை = பாலினம் === "ஆண்" ? 90 : 120
முதல்முறை = !கடைசிக்கொடை
உடல்சரி = எடை >= 45 && ஹீமோ >= 12.5
வரலாறுசரி = முதல்முறை ? வயது <= 60 : (வயது <= 65 && நாள்கணக்கு(கடைசிக்கொடை.தேதி) >= தேவை)
தகுதி = வயது >= 18 && உடல்சரி && வரலாறுசரி

(கடைசிக்கொடை என்பது முந்தைய கொடையின் பதிவு, முதல்முறைக்காரருக்கு அது நல். ! என்றால் "இல்லை". அ ? ஆ : இ என்றால், அ ட்ரூ ஆனால் ஆ, இல்லாவிட்டால் இ. கான்ஸ்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் வேரியபிள் பெயர் செல்லும், அதில் தயங்க வேண்டாம்.)

முதல் வரியில் "பெண்" ஆ என்று கேட்காமல் "ஆண்" ஆ என்று கேட்டிருப்பது வேண்டுமென்றேதான். பாலினப் பெட்டியை நிரப்பாமல் விட்டால் 120 என்ற நீண்ட இடைவெளிதான் பொருந்தும். ரத்தம் கொடுக்க வருகிறவரின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். தகவல் இல்லாதபோது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆப்பரேட்டரிடம் விட்டுவிடக் கூடாது.

முதல்முறைக்காரர்கள் விழுந்ததற்குக் காரணம், >= போன்ற ஒப்பீட்டில் நல் வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 ஆக்கிவிடும். 0 >= 90 ஃபால்ஸ். "இல்லை" என்பதை எண்ணோடு ஒப்பிடாமல் முதலிலேயே பிரித்துவிட வேண்டும், மேலே முதல்முறை என்ற வரி அதற்குத்தான்.

18 <= வயது <= 65 இங்கே செல்லாது. எர்ரரும் வராது, அதுதான் ஆபத்து. முதலில் 18 <= வயது கணக்காகி ட்ரூ அல்லது ஃபால்ஸ் வரும்; அது 1 அல்லது 0 ஆக மாறி 65-உடன் ஒப்பிடப்படும். இரண்டுமே 65-ஐ விடச் சிறியவை, ஆகவே வயது 5 ஆனாலும் 95 ஆனாலும் ட்ரூ. சி-யிலும் இதே கதி. ஜாவாவில் பூலியனை எண்ணோடு ஒப்பிட முடியாது என்பதால் கம்பைல் ஆகாது. பைத்தானில் மட்டும் அது 18 <= வயது ஆண்ட் வயது <= 65 என்று விரியும்.

இன்னொன்று. 45 கிலோ என்பது 350 மில்லி எடுப்பதற்கு. 450 மில்லி பை என்றால் 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். முகாமில் இரண்டு அளவுப் பையும் இருந்தால் அதையும் "தேவை" மாதிரியே ஒரு எண்ணாக்கிவிடலாம். ஆனால் அங்கே ஒப்பீடு >= இல்லை, > என்பதைக் கவனியுங்கள்.

---

உண்மை_அட்டவணை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே ஆள் 18-க்குக் கீழும் 65-க்கு மேலும் இருக்க முடியாது, அதனால் அந்த வரி எப்போதும் ஃபால்ஸ். ஒப்பீடுகளைத் திருப்பியவர் நடுவில் இருந்த && ஐத் திருப்பவில்லை. டி மார்கன் விதி இதுதான்:

!(அ && ஆ) என்பது !அ || !ஆ
!(அ || ஆ) என்பது !அ && !ஆ

அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். வகுப்பில் இந்த விதி வரும்போது யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

திருப்பும்போது மூன்றையும் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு ஒப்பீடும் எதிராக வேண்டும், && எல்லாம் || ஆகவேண்டும், பழைய பிராக்கெட் குழுக்கள் அப்படியே இருக்க வேண்டும். >= க்கு எதிர் <, <= இல்லை. 45 கிலோ சரியாக இருப்பவர் இரண்டு பட்டியலிலும் வந்தால் இங்கேதான் சறுக்கியிருக்கிறது. இதே குடும்பத்துத் தப்பு இன்னொன்று அடிக்கடி வரும்: விடை !== "ஆம்" || விடை !== "இல்லை". எந்த விடை கொடுத்தாலும் இரண்டில் ஒன்று ட்ரூ ஆகிவிடும், அங்கே && தான் வேண்டும். விடை === "ஆம்" || "சரி" என்பதும் எப்போதும் ட்ரூ மாதிரியே நடக்கும். காலியில்லாத சரம் (எழுத்துத் தொடர்) தனியாக நின்றாலே ட்ரூவாகக் கொள்ளப்படும், ஆகவே ஒப்பீட்டை இரண்டு முறையும் முழுதாக எழுத வேண்டும்.

அப்படியானால் சரியான வரி இதுவா?

வயது < 18 || வயது > 65 || எடை < 45 || ஹீமோ < 12.5

தாளில் சரி. படிவத்திலிருந்து வரும் மதிப்புகளுக்குச் சரியில்லை. எடைப் பெட்டியில் ஒருவர் "38 கிலோ" என்று எழுத்தும் சேர்த்து அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாக மாற்றும்போது ஜாவாஸ்கிரிப்டுக்கு "எண் அல்ல" என்ற தனி மதிப்புதான் கிடைக்கும். அந்த மதிப்போடு செய்யும் <, >, <=, >= எல்லாமே ஃபால்ஸ். எடை >= 45 உம் ஃபால்ஸ், எடை < 45 உம் ஃபால்ஸ். ஆக "தகுதி இல்லை" பட்டியலில் அவர் வரமாட்டார். அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை எல்லாம் உள்ளே விடுவது போல நீங்கள் எழுதியிருந்தால் 38 கிலோ ஆள் ஊசி வரைக்கும் போய்விடுவார். ஆப்ஜெக்ட்டில் எடை என்ற புலமே இல்லாமல் போனாலும் இதே விளைவுதான்.

எனவே மறுப்புக்குத் தனி கண்டிஷன் எழுதவே எழுதாதீர்கள். செமிகோலன் கொடுத்த தகுதி என்ற வேரியபிளை வைத்து !தகுதி என்று மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு பட்டியலும் ஒரே மூலத்திலிருந்து வரும், ஒருவர் நடுவில் காணாமல் போக வழியில்லை. என்ன காரணத்துக்காக மறுத்தோம் என்று திரையில் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு காரணத்துக்கும் தனி இஃப் போட்டு, எடை < 45 என்று எழுதாமல் !(எடை >= 45) என்று எழுதுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மதிப்பு சரியாக வராதவரையும் அது பிடித்துவிடும். பெட்டி காலியாக இருந்தால் காலிச் சரம் 0 ஆகிவிடும். அப்போது "எடை போதாது" என்று காட்டுவதை விட "எடை நிரப்பவில்லை" என்று காட்டுவது நியாயம், அதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

அருமை, இரண்டு பேருக்கும் நன்றி. பிரித்து எழுதியதும் 16 வயது சோதனை சரியாகிவிட்டது. கூட ஒரு கேள்வி. நண்பன் அந்த வரலாறு வரியை வேறு மாதிரி எழுதியிருக்கிறான்:

நாள்கணக்கு(கடைசிக்கொடை.தேதி) >= தேவை || !கடைசிக்கொடை

முதல்முறை ஆளுக்கு டைப் எர்ரர் வருகிறது. || தானே, இடம் மாறினால் என்ன? இன்னொரு இடத்தில் && க்குப் பதில் ஒற்றை & போட்டிருக்கிறான், அது ஓடுகிறது. விட்டுவிடலாமா? பட்டியலை நேரடியாக மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதும் முதல்முறைக்காரர்கள் விடுபடுகிறார்கள்.

---

செமிகோலன் எழுதியது:

கணக்குப் பாடத்தில் இடம் மாறலாம், நிரலில் மாறக் கூடாது. இடமிருந்து வலம்தான் ஓடும், விடை தெரிந்த கணமே நின்றுவிடும். || இல் இடது பக்கம் ட்ரூ என்றால் வலது பக்கம் ஓடவே ஓடாது; && இல் இடது ஃபால்ஸ் என்றால் அதே போல. உங்கள் நண்பரின் வரியில் கடைசிக்கொடை நல் ஆக இருக்கும்போதே அதற்குள் தேதியைத் தேடப் போகிறது, காவல் வேலை பார்க்க வேண்டிய !கடைசிக்கொடை அதற்குப் பிறகு நிற்கிறது. காவல் முன்னால் வர வேண்டும்:

!கடைசிக்கொடை || நாள்கணக்கு(கடைசிக்கொடை.தேதி) >= தேவை

அதே காரணத்தால் வலது பக்கம் மதிப்பை மாற்றும் வேலை எதையும் வைக்காதீர்கள். எண்ணிக்கை++ என்று அங்கே இருந்தால் சில நேரம் கூடும், சில நேரம் கூடாது. டேட்டாபேஸைக் கேட்கும் ஃபங்ஷன் இருந்தால் கடைசியில் வையுங்கள், வயதிலேயே விழுந்த ஆளுக்காக அது ஓட வேண்டியதில்லை.

ஒற்றை & ஐ மாற்றிவிடுங்கள். அது பிட்டுகளுக்கானது. ட்ரூ, ஃபால்ஸைக் கொடுத்தால் 1, 0 ஆக்கி விடை சொல்லும், அதனால் ஓடுவது போலத் தெரியும். ஆனால் இரண்டு பக்கத்தையும் எப்போதும் கணக்கிடும், ஆகவே நல் காவல் வேலை செய்யாது. ஜாவாவிலும் பூலியன்களுக்கு & செல்லும், அங்கே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும்போதுதான் தெரியும். முன்னுரிமையும் வேறு: குறி & 4 === 0 என்று எழுதினால் 4 === 0 முதலில் கணக்காகி, விடை எப்போதும் 0. (குறி & 4) === 0 என்றுதான் எழுத வேண்டும். இந்த விநோத வரிசை சி-யிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய பி மொழியில் இஃபுக்குள்ளும் ஒற்றை & தான்; சி என்று பெயர் வைத்த பிறகே && வந்தது. & இன் பழைய இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதை மாற்றியிருக்கலாம் என்று டென்னிஸ் ரிட்சியே 1993-இல் எழுதினார்.

---

குவெரி_கூடம் எழுதியது:

மைஎஸ்க்யூஎல் பகுதியைச் சொல்கிறேன். எஸ்க்யூஎல்லில் விடை இரண்டு இல்லை, மூன்று: ட்ரூ, ஃபால்ஸ், தெரியாது. நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் "தெரியாது". குவெரியில் நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதி ட்ரூ ஆன வரிகளை மட்டும் எடுக்கும். நாள் >= 90 என்று கேட்டால் முதல்முறைக்காரர் வரமாட்டார். சரி, நாட் போட்டுக் கேட்போம் என்றால் "தெரியாது" என்பதற்கு நாட் போட்டாலும் "தெரியாது" தான், அங்கேயும் வரமாட்டார். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை, எர்ரரும் இல்லை.

உறுதி செய்ய ஒரு வழி: தகுதி உள்ளோர் எண்ணிக்கை, இல்லாதோர் எண்ணிக்கை, மொத்த வரிகள் மூன்றையும் எடுங்கள். உதாரணத்துக்கு 120, 55 என்று வந்து மொத்தம் 200 என்றால், நடுவில் காணாமல் போன 25 பேருக்கும் ஏதோ ஒரு புலத்தில் நல் இருக்கிறது.

திருத்தம் இது, பிராக்கெட் கட்டாயம்:

… ஆண்ட் (நாள் இஸ் நல் ஆர் நாள் >= 90)

நாள் = நல் என்று எழுதினால் அதுவும் "தெரியாது" தான், இஸ் நல் மட்டுமே செல்லும். "தெரியாது" எல்லாவற்றையும் கெடுக்காது என்பதையும் கவனியுங்கள்: ஃபால்ஸ் ஆண்ட் தெரியாது என்றால் ஃபால்ஸ், ட்ரூ ஆர் தெரியாது என்றால் ட்ரூ. மேலே உள்ள வரி வேலை செய்வது அந்த இரண்டாவதால்தான்.

இதுவரை ரத்தமே கொடுக்காதவர்கள் பட்டியலை நாட் இன் (NOT IN, "இந்தப் பட்டியலில் இல்லாதவர்") போட்டு எடுக்கப் பார்ப்பீர்கள். உள் குவெரியில் ஒரே ஒரு நல் இருந்தாலும் முழுப் பட்டியலும் காலியாக வரும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) பயன்படுத்துங்கள். அடுத்து, செமிகோலன் சொன்ன இடது-வலது உறுதி எஸ்க்யூஎல்லுக்குக் கிடையாது. எந்தக் கண்டிஷனை முதலில் பார்ப்பது என்பதை டேட்டாபேஸுக்குள் இருக்கும் ஆப்டிமைசர் முடிவு செய்யும். ஆகவே "முதலில் பூஜ்யமா என்று பார், பிறகு வகு" என்பதை ஆண்ட் நம்பி எழுதாதீர்கள், கேஸ் (CASE) போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பழக்கத்தில் குவெரிக்குள் || எழுத வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் இயல்பான அமைப்பில் அது ஆர். போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் இரண்டு சரங்களை ஒட்டும் குறி.

---

கட்டமும்_கணக்கும் எழுதியது:

முகாம் தகவல் பெரும்பாலும் எக்செல்லில்தான் வந்து சேரும், அதனால் ஒரு சின்னச் சேர்க்கை. எக்செல்லில் ஆண்ட், ஆர் இரண்டும் ஃபங்ஷன்கள். இடையில் நிற்காது, உள்ளே உள்ள எல்லாவற்றையும் கணக்கிடும். ஒன்றில் எர்ரர் வந்தாலும் முழு விடையும் எர்ரர். காவல் வேண்டுமானால் இஃபுக்குள் இஃப்.

அதை விட மோசமானது: எக்செல் ஒப்பீட்டில் எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது. எடை 38 என்பது டெக்ஸ்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால் >=45 க்கு விடை ட்ரூ. கட்டத்தின் இடது மேல் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இஸ்நம்பர் சோதனையையும் ஆண்டுக்குள் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.

---

உண்மை_அட்டவணை எழுதியது:

சோதனைத் தரவு பற்றி யாரும் சொல்லவில்லையே. கடைசித் தகுதி வரியில் வயது, எடை, ஹீமோ, வரலாறு என்று நான்கு உண்மைகள். எல்லாச் சேர்க்கையும் பார்த்தால் 16. அத்தனை வேண்டாம். நான்கும் சரியாக உள்ள ஒருவர், பிறகு ஒவ்வொன்றில் மட்டும் தவறும் நான்கு பேர், ஆக ஐந்து போதும். ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகவே விடையை மாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரத்தில் மிக ஆபத்தான பிரிவுக்குக் கேட்பதும் இந்த வகைச் சோதனையைத்தான். இந்த ஐவரை ஆணுக்கு ஒருமுறை, பெண்ணுக்கு ஒருமுறை ஓட்டியிருந்தால் முதல் சிக்கல் அன்றே தெரிந்திருக்கும்.

எல்லை மதிப்புகள் தனி: வயது 17, 18, 65, 66; முதல்முறைக்கு 60, 61; எடை 44.9, 45, ஹீமோ 12.4, 12.5, நாள் ஆணுக்கு 89, 90, பெண்ணுக்கு 119, 120. பாலினம் காலி, எடை "38 கிலோ", கடைசிக்கொடை நல் என்று மூன்று பேரையும் சேருங்கள்.

நாள்கணக்கு ஃபங்ஷனுக்குள்ளும் ஒருமுறை பாருங்கள் சகோ. இரண்டு நேரங்களைக் கழித்து 86400000-ஆல் (ஒரு நாளின் மில்லிசெகண்டுகள்) வகுத்து, பின்னத்தை வெட்டும் ஃப்ளோர் போட்டிருந்தால், 90 நாளுக்கு முன் காலை 11 மணிக்குக் கொடுத்தவர் இன்று 9 மணிக்கு வந்தால் 89.9 என்று வந்து 89 ஆகிவிடும், கண்டிஷன் சரியாக இருந்தும் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு தேதிகளையும் நள்ளிரவுக்குக் கொண்டுவந்த பிறகு கழியுங்கள்.